எண் ஒன்றானால் பொருளும் ஒன்றாகுமா?

கணிப்பொறியில் விவரங்களைத் தொகுத்து வைப்பது பற்றிய எந்தப் பாடநூலை எடுத்துப் பார்த்தாலும், தொடக்கப் பக்கங்களிலேயே ஒரு விதி கண்ணில் படும். ஒவ்வொரு பதிவுக்கும், வேறெந்தப் பதிவுக்கும் இல்லாத தனி அடையாளம் ஒன்று இருந்தாக வேண்டும் என்பதே அவ்விதி. இந்த அடையாளத்தைக் 'கீ' என்பார்கள். நாம் திறவுகோல் எனலாம். விதி ஒன்றும் புதியதல்ல. மளிகைக் கடைக்காரர் தம் கடன் நோட்டில் 'டெய்லர் முருகேசன்' என்றும், 'கோயில் தெரு முருகேசன்' என்றும் எழுதி வைப்பது இதற்காகத்தான். டெய்லர் தொழிலை விட்டுவிட்டால், அல்லது கோயில் தெருவிலேயே இன்னொரு முருகேசன் குடிவந்துவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கணிப்பொறி உலகுக்கு இவ்விதியை இலக்கணமாக வகுத்துத் தந்தவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட, பதினொரு பக்கங்களே கொண்ட கட்டுரை இத்துறையின் மூலநூலாகவே மதிக்கப்படுகிறது. 1981-இல் அவருக்கு டூரிங் பரிசும் கிடைத்தது. அதே காட் 1979 டிசம்பரில் இன்னொரு நீண்ட கட்டுரையை வெளியிட்டு, தாம் முன்னர் சொன்னவற்றில் சிலவற்றைத் திருத்தினார். முதல் கட்டுரையைப் புகழாதவர் இல்லை. இரண்டாவதைப் படித்தவர் மிகச் சிலர். திறவுகோல் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டாவதே மேலானது என்பது என் கருத்து. ஆனால் அதுவும் நம்மைப் பாதி வழி வரைதான் கொண்டு சேர்க்கிறது.

முதலில் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பார்ப்போம். அதற்கு முன்பு ஒரு விவரத்தைத் தேட வேண்டுமானால், அது வட்டில் எங்கே, எந்த வரிசையில், எதற்கு அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நிரல் எழுதுபவர் தெரிந்திருக்க வேண்டும். அலமாரியில் மூன்றாம் தட்டில் ஐந்தாவது புத்தகம் என்பது போல. புத்தகங்களை இடம் மாற்றி அடுக்கினால் எல்லா நிரல்களையும் திருத்தி எழுத வேண்டியதுதான். காட் இந்தத் தொல்லையை ஒழித்தார். விவரங்கள் யாவும் அட்டவணைகளாக இருக்கட்டும். ஓர் அட்டவணையில் வரிகளின் வரிசைக்குப் பொருளே இல்லை. எந்த வரியையும் அதனுள் எழுதப்பட்டிருக்கும் மதிப்பைக் கொண்டு மட்டுமே தேட வேண்டும் என்றார்.

இதன் விளைவை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முன்பு ஒரு பதிவுக்கு அதன் இடமே அடையாளமாக இருந்தது. அந்த அடையாளத்தைக் காட் பறித்துவிட்டார். எனவே பாரம் முழுவதும் திறவுகோலின் தலையில் ஏறியது. அதைத் தேர்ந்தெடுக்க அவர் என்ன வழி சொல்கிறார்? உதிரிப் பாகங்களின் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். பாகத்தின் எண் திறவுகோலாகும், நிறம் ஆகாது. ஒவ்வொரு பாகத்துக்கும் வெவ்வேறு பெயர் இருக்குமானால் பெயரும் ஆகும். இப்படி ஒன்றுக்கு மேற்பட்டவை தகுதி பெற்றால், அவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தோன்றியபடி எடுத்து, அதை முதன்மைத் திறவுகோல் என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடித்துவிடுகிறார்.

கணித நோக்கில் இதில் பிழை சொல்ல முடியாது. இரண்டு பத்திகளில் எதுவும் திரும்ப வராதென்றால் இரண்டும் சமமே. ஆனால் கணிதத்தின் அட்டவணைக்கு நேற்று, நாளை என்ற பேதம் கிடையாது. இன்றைக்குத் தனித்து நிற்கும் ஒரு மதிப்பு பத்தாண்டு கழித்தும் மாறாமல், தனித்து நிற்குமா என்ற கேள்வியே அந்தக் கட்டுரையில் எழவில்லை. 'தோன்றியபடி' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் இத்துறையின் பாதித் துன்பம் அடங்கியிருக்கிறது.

இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். உலகில் நீண்டகாலமாகத் தொடர்ந்து பேணப்படும் பதிவேடுகளில் ஒன்று வானியலாருடையது. மனிதர்களின் பதிவேடுகள் நூறாண்டில் சந்திக்கும் விபத்துகள் அனைத்தையும் விண்மீன் பட்டியல்கள் முன்பே சந்தித்துவிட்டன. காட் சொன்னதை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

1603-இல் ஜெர்மானியரான பேயர் தம் விண்படத்தில் ஒவ்வொரு விண்மீன் குழுவிலும் உள்ள மீன்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று கிரேக்க எழுத்துகளைச் சூட்டினார். குழுவின் பெயரும் எழுத்தும் சேர்ந்து திறவுகோல். ஆனால் இரு குழுக்களின் எல்லையில் நின்ற சில மீன்களுக்கு இரண்டு பெயர்கள் வாய்த்தன. ஆண்ட்ரோமீடாவின் ஆல்ஃபாவும் பெகாசஸின் டெல்டாவும் ஒரே மீன்! பிறகு 1930-இல் பன்னாட்டு வானியல் சங்கம் எல்லைகளைத் திட்டவட்டமாக வரைந்தபோது பெகாசஸின் டெல்டா வழக்கொழிந்தது. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பெருங்கரடிக் குழுவின் பத்தாம் எண் மீன் இப்போது பெருங்கரடியிலேயே இல்லை. அண்டையிலுள்ள லிங்க்ஸ் குழுவில் இருக்கிறது. மீன் நகர்ந்துவிடவில்லை, கோடுதான் நகர்ந்தது. மாவட்டத்தைப் பிரித்தபின், பழைய மாவட்டத்தின் எழுத்தைத் தாங்கி நிற்கும் கோப்பு எண்ணைப் போன்றது இது.

பெயரில் இடத்தையே எழுதிவிட்டால் எல்லைத் தகராறு வராதே என்று தோன்றும். அப்படியும் செய்து பார்த்தார்கள். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் கண்ட முதல் பல்சாருக்கு பி 1919+21 என்று பெயர். வானில் அது இருக்கும் திசையை, அதாவது 19 மணி 19 நிமிடம், வடக்கே 21 பாகை என்பதை, அந்த எண்கள் காட்டுகின்றன. ஆனால் சுழலும் பம்பரம் தலையை அசைப்பது போலப் பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை மெல்லச் சுற்றி வருகிறது. அதனால் வான்திசை எண்கள் ஆண்டுதோறும் சிறிது மாறுகின்றன. 1950-ஆம் ஆண்டுக்குக் கணித்த திசையை விட்டு 2000-ஆம் ஆண்டுக்குக் கணித்த திசைக்கு மாறியதும் அதே பல்சாருக்கு ஜே 1921+2153 என்ற பெயரும் வந்து சேர்ந்தது. இன்று நூல்களில் இரண்டுமே வழங்குகின்றன.

இனி 1979-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வருவோம். டாஸ்மேனியாவில் முதலில் படிக்கப்பட்டதால், அதில் விவரித்த அமைப்புக்கு டாஸ்மேனியாவின் முதலெழுத்தையே காட் பெயரில் சேர்த்துக்கொண்டார். ஒன்பது ஆண்டுகளில் அவருடைய பார்வை எவ்வளவு மாறிவிட்டது என்பது வியப்பளிக்கிறது. பயன்படுத்துவோர் கையில் இருக்கும் திறவுகோல்களை நம்பக் கூடாது என்பதற்கு அவர் மூன்று காரணங்கள் காட்டுகிறார். ஒன்று, அவை மாறக்கூடியவை. இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் ஊழியர் எண்கள் மாறிவிடுகின்றன. இரண்டு, ஒரே ஆளுக்கு ஓர் அட்டவணையில் ஒருவகை எண்ணும், வேறோர் அட்டவணையில் வேறுவகை எண்ணும் இருக்கலாம். மூன்று, எண் கிடைப்பதற்கு முன்னும், எண் காலாவதியான பின்னும்கூட அந்த ஆளைப் பற்றிய விவரத்தை நாம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்தவர், ஓய்வு பெற்றவர் ஆகியோரை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

மூன்றும் பொன்னான வரிகள். முதற்காரணத்துக்குப் பெருங்கரடியும் பல்சாரும் சாட்சி. இரண்டாவதற்கு ஓர் அருமையான சாட்சி உண்டு. 1949-இல் ஒரு வால்மீன் காணப்பட்டது. வில்சன், ஹாரிங்டன் என்ற இருவர் பெயர் அதற்கு. சில நாட்களில் அது கண்ணிலிருந்து தப்பியது. 1979 நவம்பரில் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் 4015 என்ற எண் பெற்றது. 1992-இல்தான் தெரிந்தது, இரண்டும் ஒன்றே என்று. வால்மீன் பட்டியலில் ஒரு திறவுகோல், சிறுகோள் பட்டியலில் ஒரு திறவுகோல். இரண்டு பட்டியலும் தத்தம் அளவில் பிழையற்றவை. காட் 1970-இல் கேட்டதெல்லாம் ஓர் அட்டவணைக்குள் எதுவும் திரும்ப வரக்கூடாது என்பதே. அந்தச் சோதனையில் இரண்டும் தேறிவிடும்!

மூன்றாவதற்குச் சிறுகோள்களின் பதிவுமுறை முழுவதுமே சாட்சி. ஒரு சிறுகோள் கண்ணில் பட்டதும் தற்காலிகக் குறி ஒன்று தருவார்கள். மேலே சொன்ன சிறுகோளின் தற்காலிகக் குறி 1979 வி.ஏ. என்பது. 1979 என்பது ஆண்டு. 'வி' என்றால் நவம்பரின் முதற்பாதி. 'ஏ' என்றால் அந்தப் பாதியில் முதலாவது. அதன் சுற்றுப்பாதை ஐயமறத் தெரிந்த பின்னரே நிலையான எண் வழங்கப்படும். அந்த எண்ணுக்கு வேறு பொருள் ஏதும் கிடையாது. வரிசை எண், அவ்வளவே. நம் சென்னை வான் ஆய்வகத்தில் நார்மன் போக்சன் 1861-இல் கண்ட சிறுகோளுக்கு எண் 67. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்று பெயரிட்டார். 67 என்ற எண் அதன் நிறத்தையோ, பருமனையோ, இடத்தையோ சொல்வதில்லை. ஆகவே அவற்றில் எது மாறினாலும், எதைத் தவறாக அளந்திருந்தாலும், எண்ணை மாற்ற வேண்டியதில்லை. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்கள் இன்று இப்படி எண் பெற்றிருக்கின்றன.

எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள காலத்தைப் பற்றிக் காட் சொன்னது மனிதர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் படிப்பை இடையில் நிறுத்திய மாணவி ஒருவர் மறு ஆண்டு மீண்டும் சேர்ந்தார். புதிய பதிவெண் கிடைத்தது. முன்பு தேறிய தாள்களின் மதிப்பெண்கள் பழைய எண்ணோடு தங்கிவிட்டன. கணிப்பொறியைக் கேட்டால், இந்த எண்ணுக்குரியவர் அந்தத் தாள்களை எழுதவே இல்லை என்றது. அது சொன்னதில் பொய்யில்லை. பட்டச் சான்றிதழுக்காக அந்தப் பெண் எட்டு மாதம் அலைந்தார்.

இதற்குக் காட் சொன்ன மருந்து என்ன? கணிப்பொறி தானே ஓர் எண்ணை உண்டாக்கிக்கொள்ளட்டும்; அதற்குப் பொருள் எதுவும் வேண்டாம்; மனிதர் அதை மாற்ற முடியாதபடியும், அதன் மதிப்பைப் பார்க்கவே முடியாதபடியும் உள்ளே இருக்கட்டும் என்பதே. இதைப் பதிலி எண் எனலாம். 1976-இல் ஹால், ஓலெட், டாட் என்ற மூவர் சொன்ன கருத்து இது. காட் அதை ஏற்று விரிவாக்கினார். பதிவெண், ஊழியர் எண், பெயர் முதலியன எல்லாம் வெறும் விவரங்களாகி அவ்வெண்ணைச் சுற்றி நிற்கும். அவை மாறினால் மாறிவிட்டுப் போகட்டும்.

இன்றைய பாடநூல்கள் இந்த மருந்தைத்தான் தருகின்றன. ஆனால் பத்தியத்தை விட்டுவிட்டன. அட்டவணையில் தானாகக் கூடிக்கொண்டே போகும் எண் பத்தி ஒன்றைச் சேர்த்துவிடு, திறவுகோல் தயார் என்கின்றன. மாணவர்களும் அப்படியே செய்கிறார்கள். அடுத்த நாளே அந்த எண் திரையில் தெரிகிறது; ரசீதில் அச்சாகிறது; அடையாள அட்டையில் ஏறுகிறது. மனிதர் அதைத் தொலைபேசியில் ஒப்பிக்கத் தொடங்கிய கணமே அது பதிலி எண் அல்ல. மற்றுமொரு ஊழியர் எண். மறைத்து வை என்று காட் வற்புறுத்தியதன் காரணத்தைப் பாடநூல்கள் சொல்லாமலே போய்விடுகின்றன. இதற்குக் காட்டும் ஓரளவு பொறுப்பு. அடர்ந்த குறியீடுகள் நிறைந்த நீண்ட கட்டுரையின் நடுவே இச்செய்தியை வைத்துவிட்டு, வேகமாக அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

பதிலி எண்ணிடம் எனக்குள்ள பெரிய குறை வேறு. அட்டவணையில் அதைத் தவிர வேறு காவல் இல்லையென்றால், ஒரே சிறுகோளை இரண்டு முறை பதியலாம்; இரண்டு எண்களும் தனித்தன்மை உடையவையே; கணிப்பொறி முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். எண் தனித்து நிற்கிறது என்பதால் பொருளும் தனித்து நிற்கிறது என்று ஆகிவிடாது. பொருளற்ற எண்ணை நன்கு கையாளத் தெரிந்த சிறுகோள் ஆய்வாளர்களே இங்கே இடறியிருக்கிறார்கள். 1914-இல் கண்டறியப்பட்ட ஒன்றுக்கு எண் 787, பெயர் மாஸ்க்வா. 1934-இல் கண்ட ஒன்றுக்கு எண் 1317. பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்று. 787 நிலைத்தது. காலியான 1317-ஐ, 1935-இல் கண்டறியப்பட்ட முற்றிலும் வேறான ஒரு சிறுகோளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே பழைய ஏட்டில் 1317 என்று கண்டால், எந்த ஆண்டு ஏடு என்று பார்த்த பிறகே எந்தக் கோள் என்று சொல்ல முடியும். கழித்த எண்ணை மறுபடி வழங்குவதைவிடப் பெரிய பிழை இத்துறையில் இல்லை என்பேன். எண்களுக்கா பஞ்சம்?

330-ஆம் எண்ணின் கதை இன்னும் விசித்திரம். 1892-இல் மாக்ஸ் வோல்ஃப் கண்டதாகப் பதிவான அடால்பெர்ட்டா என்ற சிறுகோளுக்கு உரியது அது. பின்னர் யார் தேடியும் அது அகப்படவில்லை. 1982-இல் பழைய அளவீடுகளை ஆராய்ந்தபோது, வோல்ஃப் அளந்தது சிறுகோளே அல்ல, இரண்டு விண்மீன்கள் என்று வெளிப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகள் ஒரு திறவுகோல் பூட்டில்லாமல் தொங்கியிருக்கிறது. பின்பு அந்த எண்ணும் பெயரும் 1910-இல் அவரே கண்ட வேறொரு சிறுகோளுக்குப் போயின. இதற்கு நேர் எதிரான கதை பிளாம்ஸ்டீடுடையது. 1690-இல் அவர் குறித்துவைத்து, பிற்காலத்தில் இடபக் குழுவின் 34-ஆம் மீன் என்று எண் பெற்ற பதிவு, உண்மையில் யுரேனஸ் கோள். ஹெர்ஷல் அதைக் கண்டறிந்தது 1781-இல். பதிவு இருந்தது, எண்ணும் இருந்தது. அது எதைக் குறிக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

வானத்தில் இவை சுவையான கதைகள். மனிதரிடத்தில் அப்படியல்ல. அமெரிக்காவில் 1936 முதல் வழங்கப்படும் சமூகப் பாதுகாப்பு எண் ஒன்பது இலக்கம் கொண்டது. 1938-இல் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஒரு பணப்பை நிறுவனம், பைக்குள் மாதிரி அட்டை ஒன்றைச் செருகி விற்றது. அதில் அச்சிட்டிருந்தது அந்நிறுவனத்திலேயே பணிபுரிந்த ஒரு பெண்மணியின் உண்மையான எண். பை வாங்கிய பலர் அதுவே தங்கள் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். 1943-இல் மட்டும் 5,755 பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். காலப்போக்கில் மொத்தம் 40,000-க்கும் மேல். அந்த எண்ணை ரத்து செய்து, அப்பெண்மணிக்கு வேறு எண் தர நேர்ந்தது. 1977-இல்கூடப் பன்னிரண்டு பேர் பழைய எண்ணை விடவில்லை. முதுமையில் ஓய்வூதியம் பெறுவதற்கான கணக்கு அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒருவர் செலுத்திய பணம் இன்னொருவர் பெயரில் ஏறும்.

அந்த எண்ணில் இன்னொரு குறையும் உண்டு. ஒன்பது இலக்கத்தில் அமையக்கூடிய எண்கள் சுமார் 100 கோடி. இதுவரை வழங்கியவை 45 கோடிக்கும் மேல். எனவே ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால், கிடைக்கும் தவறான எண் வேறொரு மனிதருடையதாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய சரிபாதி! இதைத் தடுக்கக் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்ப்பது வழக்கம். மற்ற இலக்கங்களைக் கொண்டு ஒரு கணக்கிட்டு வருவது அது. ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு ஒத்துவராது. நம் ஆதார் எண்ணின் பன்னிரண்டாம் இலக்கம் அத்தகையது. அமெரிக்க எண்ணில் அது இல்லை. ஆனால் சரிபார்ப்பு இலக்கம் இருந்திருந்தாலும் பணப்பைக் கூத்தைத் தடுத்திருக்காது. அச்சிட்ட எண் பிழையற்றது, ஆள்தான் வேறு.

காட் இதை அறியாதவர் அல்லர். இரு பதிலி எண்கள் ஒரே பொருளைக் குறிப்பதாகப் பின்னால் தெரியவந்தால், அவற்றை ஒன்றாக்க ஒரு கட்டளை வேண்டும் என்று 1979-இல் குறிப்பிடுகிறார். ஆனால் எந்தச் சான்றைக் கொண்டு ஒன்றாக்குவது, ஒன்றாக்கியது தவறென்று தெரிந்தால் மறுபடி எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகளுக்குள் அவர் போகவில்லை. கணிதரின் வேலை அங்கே முடிகிறது. நம் வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1972-இல் தொடங்கிய வானியல் தகவல் மையம் நடத்தும் 'சிம்பாட்' என்ற தொகுப்பு, காட்டின் 1979-ஆம் ஆண்டு யோசனைக்கு ஏறத்தாழ உருவம் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு வான்பொருளுக்கும் உள்ளே ஒரு வெற்று எண்; அதற்கு உலகம் சூட்டிய பெயர்கள் எல்லாம் தனி அட்டவணையில். ஆண்ட்ரோமீடாவின் ஆல்ஃபா என்று கேட்டாலும், பெகாசஸின் டெல்டா என்று கேட்டாலும் ஒரே பதிவு வரும். பழைய பெயர் எதையும் அழிப்பதில்லை. இரண்டு பெயர்கள் ஒரே பொருளுக்கு உரியவையா என்பதை அங்குள்ள வல்லுநர்கள் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து முடிவு செய்கிறார்கள்.

ஐரோப்பாவின் கையா விண்கலத் திட்டத்தார் வேறு வழியில் சென்றார்கள். 2022 ஜூனில் வெளியான அவர்களது மூன்றாம் பட்டியலில் சுமார் 181 கோடி பொருள்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தந்த நீண்ட எண்ணில் அது வானின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் பொதிந்துவிட்டார்கள். இத்தனை கோடியில் ஒரு பகுதி வானத்தை மட்டும் விரைந்து எடுக்க இது உதவும் என்பது உண்மைதான். ஆனால் 2018-இல் வந்த இரண்டாம் பட்டியலின் எண் மூன்றாம் பட்டியலிலும் அதே பொருளைக் குறிக்கும் என்று அவர்கள் உறுதி தரவில்லை. எந்தப் பட்டியல் என்பதையும் சேர்த்தே எண்ணைக் குறிப்பிடுங்கள் என்று எச்சரித்து, பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குப் போக ஓர் ஒப்பீட்டு அட்டவணையையும் தந்திருக்கிறார்கள். பேயர் காலத்துத் தவற்றை வேகத்துக்காகத் தெரிந்தே செய்திருக்கிறார்கள். செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டதால் மன்னிக்கலாம்.

கணிப்பொறி பயிலும் மாணவர்கள் காட்டின் 1979-ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும். முழுவதும் முதலிலேயே விளங்காது; பதிலி எண்களைப் பற்றிய பகுதியை மட்டும் முதலில் படித்தால் போதும், இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. படித்துவிட்டுத் தம் கல்லூரியின் மாணவர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, மேலே கண்ட மூன்று காரணங்களையும் அதன்மீது ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். இடையில் நின்று மீண்டும் சேர்ந்தவர், பெயரை மாற்றிக்கொண்டவர், ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் உடைய இருவர் ஆகியோர் அந்தப் பதிவேட்டில் என்ன ஆகிறார்கள் என்று தேடிப் பார்ப்பது ஒரு பருவத்துக்கு ஏற்ற நல்ல செய்முறைப் பயிற்சி.